எறும்பு ஊர்ந்த கல்

எங்கள் வீட்டில் யாராவது நம்பமுடியாத ஒன்றைச் சொன்னால், "ராஜா துன்னுக்கினு இருந்தாரா?" என்று கேட்பது வழக்கம். பஸ்ஸே வரவில்லை, அதனால்தான் லேட் என்றால் கேட்போம். மீன் குழம்பு தானாகவே அடிபிடித்துவிட்டது என்றால் கேட்போம். முப்பது வருஷமாக இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கேள்வியை உண்டாக்கியவன் நான். கேட்டுக் கேட்டு நொந்தவள் என் அக்கா. அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. சித்தூரில் எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. ஒரு கறுப்புப் பெட்டி, கையில் பிடித்து ஆட இரண்டு கட்டைகள், டிவியின் முதுகில் சொருக ஒரு மஞ்சள் ஒயர். அதில் ஒரு ஆட்டத்துக்கு நாங்களே கோட்டை கேம் என்று பெயர் வைத்திருந்தோம். உண்மையான பெயர் எங்களுக்குப் புரியாத ஏதோ எழுத்தில் இருந்தது. வாள் பிடித்த ஒரு குட்டி மனிதன் போய்க்கொண்டே இருப்பான். ஐந்தாவது கட்டத்தில் நீளமாக ஒரு கோட்டைச் சுவர் வரும். ஏணியில் ஏறித் தாண்டினால் அடுத்த கட்டம். இவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

ஒருநாள் அக்கா வந்து, அந்தச் சுவரில் ஒரு கல்லை மூன்று தடவை வெட்டினால் வழி திறக்கிறது, உள்ளே போனால் ராஜா உட்கார்ந்து கோழிக்கால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். எந்தக் கல் என்று கேட்டேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் கல் இடம் மாறும் என்றாள். சரி, வெட்டிக் காட்டு என்றேன். காட்ட முடியவில்லை. தப்பான கல்லை வெட்டினால் மேலிருந்து அம்பு விழுந்து ஆள் காலி, மறுபடியும் முதல் கட்டத்திலிருந்து வரவேண்டும். மூன்று தடவை முயன்றாள், மூன்று தடவையும் அம்புதான். நான் நேராக நைனாவிடம் போய், "அந்தச் செவுரை நான் முழுசா பாத்துட்டேன் நைனா, அப்படி ஒண்ணும் இல்ல, இவ பொய் சொல்றா" என்று சாட்சி சொன்னேன்.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பா சபையில் மூப்பர். வீட்டுக்குள் நீதிபதி. பொய் சாட்சி கூடாது என்கிற ஒன்பதாம் கட்டளையை ஒரு வாரம் சாயங்கால ஜெபத்தில் அக்காதான் சொல்லவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஏழு நாள் சொன்னாள். ஏழு நாளும் நான் கண்ணை மூடிக்கொண்டு, மிகவும் பக்தியோடு கேட்டேன்.

இதெல்லாம் பழைய கதை என்று கிடந்திருக்கும். போன ஜனவரியில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு வேலூர்ப் பக்கம். காபி கொடுக்கும் நேரத்தில் சும்மா இருக்க மாட்டாமல், சம்மந்தி வீட்டாரைச் சிரிக்க வைக்கலாமே என்று நான் கோட்டைக் கதையை எடுத்து விட்டேன். நன்றாகச் சொல்வேன், அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "எங்க பொண்ணு காலைல அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்துக்குவா" என்று சொன்னாள். சம்மந்தியம்மா பட்டென்று, "அப்போ ராஜா துன்னுக்கினு இருந்தாரா?" என்றார். வீடே அதிர்ந்தது. அக்கா உதட்டால் மட்டும் சிரித்தாள்.

பிறகு சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"என் பொண்ணு அந்த வூட்டுக்குப் போறாடா. நாளைக்கு அவளுக்கு ஒரு கஷ்டம்னு நான் போய் நின்னு பேசினா, அங்க யாரு என் பேச்சை நம்புவாங்க?"

"அது சும்மா தமாசுக்கா."

"உனக்குத் தமாசு. முப்பது வருசமா நான் எதைச் சொன்னாலும் முதல்ல சிரிச்சிட்டுதான் கேக்கறீங்க. ஈஸ்டர் முடிஞ்சி கல்யாணம். அதுக்குள்ள எனக்கு இந்தப் பேரு போகணும். எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாது. வெச்சவன் நீதானே?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று, வெட்கத்தை வீம்பாக மாற்றிக்கொண்டேன். அதே கேமை, அதே டிவியில் பார்த்த மாதிரியே கொண்டுவந்து வைக்கிறேன், கல் இருந்தால் காட்டு என்றேன். கல் இல்லை என்றால் கல்யாண மண்டபத்தில் தானே மைக் பிடித்து, தான் பொய்க்காரிதான் என்று சொல்லிவிடுவதாக அக்கா சொன்னாள். சொன்னால் செய்வாள். அதுதான் பயம்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். திருப்பதியில் குடியிருந்துகொண்டு தினமும் கம்பெனி பஸ்ஸில் தடா பக்கத்து ஃபேக்டரிக்குப் போய் வருகிறேன். போனுக்கான திரைகள் செய்யும் இடம். லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒரு புள்ளி செத்திருந்தாலும் கண்டுபிடித்துக் கழிப்பது என் வேலை. என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட கண் இருக்கும்போது, ஒரு கல் இருந்து நான் பார்க்காமல் போவேனா?

ஆட்டத்தின் ஃபைல் இன்டர்நெட்டில் கிடைத்தது. லேப்டாப்பில் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் சித்தூரில் அக்கா வீட்டு டிவியில் மாட்டினேன். கத்தரித்து ஒட்டியது போல் ஒவ்வொரு புள்ளியும் பளிச்சென்று நின்றது. அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இது நம்ம கேம் இல்லடா. இன்னாது இது, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்குது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்து மஞ்சள் ஒயரில் நிறத்துக்கு ஒரு வழி, வெளிச்சத்துக்கு ஒரு வழி என்று கிடையாது. ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் போல எல்லாம் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்து வரும். வந்து இறங்கும்போது யார் பை யாரிடம் என்று டிவிக்கே தெரியாது. சிவப்பு பக்கத்தில் வழியும், விளிம்பில் நிழல் விழும், கோடு கோடாகத் தெரியும். இந்தக் கோளாறுகளை எல்லாம் கணக்குப் போட்டுப் புதுத் திரையில் மறுபடி உண்டாக்க ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, ஷேடர் என்பார்கள். அதில் நிறம் எவ்வளவு வழியவேண்டும், கோடு எவ்வளவு கறுக்கவேண்டும் என்று நாற்பது ஐம்பது அளவுகளை நாமே ஏற்றி இறக்கலாம். ஃபேக்டரியில் ஆறு நாள் கோளாறைத் தேடிப் பிடித்துக் கழிக்கிறேன், ஏழாம் நாள் உட்கார்ந்து அதே கோளாறை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். என் சூப்பர்வைசர் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

பஸ்ஸில் போகும்போதும் அதே நினைப்புதான். நிறக் கசிவு புள்ளி நான்கா, புள்ளி ஐந்தா? பக்கத்து சீட்டுக்காரர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏமண்டி, சுகர் ரீடிங்கா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, கசிவு புள்ளி நான்கு ஐந்தில் நிறுத்திக் கொண்டுபோனேன். கோட்டையின் மேல் கொடி பறந்தது. அதன் சிவப்பு கொடிக்கு வெளியே வழிந்து வானத்தில் தேய்ந்தது. அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஆங், இந்த செகப்பு! இது அப்படியே நம்ம டிவிதான்டா."

அவள் கையில் கட்டையைக் கொடுத்தேன். முதல் நான்கு கட்டங்களைத் துளிக்கூடத் தடுமாறாமல் தாண்டினாள். நாற்பத்தைந்து வயதில், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். சுவர் வந்தது. சாம்பல் கல் வரிசை வரிசையாக, நடுநடுவே தீப்பந்தம், அதன் சிவப்பு கல்லெல்லாம் பரவிக் கிடந்தது. அக்கா நின்றுவிட்டாள்.

"எறும்பு எங்கடா?"

"எந்த எறும்பு?"

"அந்தக் கல்லு மேல எறும்பு ஊரும். அத வெச்சிதான் நான் கண்டுபுடிச்சேன்."

நான் சிரித்துவிட்டேன். கோழிக்கால் சாப்பிடும் ராஜா போதாதென்று இப்போது எறும்புமா? சிரித்து முடிப்பதற்குள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்கு அப்பளம் வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

கோபத்தோடு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். காணிப்பாக்கம் கிராஸ் தாண்டும்போது, எறும்பு என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை ஆதாரத்தோடு காட்டுகிறேன் பார் என்று போனில் தேட ஆரம்பித்தேன். சந்திரகிரி வருவதற்குள் என் மூக்கு உடைந்துவிட்டது. எறும்பு இருக்கிறது. மஞ்சள் ஒயரில் வரும் நிறத்தில் கொஞ்சம் வழி தவறி வெளிச்சத்துக்குள் நுழைந்துவிடுமாம். அப்படி நுழைந்தால் நிறமுள்ள இடத்தில் பொடிப் பொடிப் புள்ளிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டே இருக்குமாம். என் ஷேடரிலேயே அதற்கு ஒரு அளவு இருந்தது. அதை நான்தான் பூஜ்யத்தில் வைத்திருந்தேன். அசிங்கமாக இருக்கும் என்று நினைத்து வைத்த பூஜ்யம் அது.

ஒரு மனுஷி முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த எறும்பு உண்மை என்றால், மற்றதும் உண்மையாக இருக்குமோ? அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. வாரநாளில் தனியாக உட்கார்ந்து, ஆட்டத்தை அங்கங்கே சேவ் செய்துகொண்டு, முப்பது நாற்பது கல்லை வெட்டிப் பார்த்தேன். எல்லாம் அம்புதான். இன்னும் பத்துக் கல்லை வெட்டியிருக்கலாம். வெட்டாமல் மூடி வைத்தேன். திறந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் என்று இப்போது சொல்கிறேன், அப்போது தூக்கம் வருகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த தடவை சித்தூர் போனபோது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் தொடங்கியிருந்தது. எறும்பை ஏற்றி வைத்துக் கொண்டுபோனேன். அக்காவிடம் சேவ் பற்றியும் சொன்னேன், ஒவ்வொரு கல்லாக வெட்டிப் பார்த்துவிடலாமே என்றேன்.

"அப்போ சேவ் இருந்திச்சா?"

"இல்ல."

"அப்போ இப்பவும் வேணாம். ஏமாத்தி ஜெயிச்சா, அதுக்கும் ஒரு கதை கட்டுவே நீ."

சுவருக்கு வந்து சேர்ந்தாள். இப்போது எறும்பு இருந்தது, ஆனால் எங்கே பார்த்தாலும் இருந்தது. கொடியில், பந்தத்தில், குட்டி மனிதனின் சட்டையில். கல்லில் இருக்கிறதா என்று பார்த்தால் பந்தத்தின் சிவப்பு அதன் மேல் ஏறிக் குழம்பிக் கிடந்தது. அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். ஒரு கல்லை வெட்டினாள். அம்பு. முதலிலிருந்து வந்து இன்னொன்றை வெட்டினாள். அம்பு.

"இப்படி இல்லடா. செவுரு சும்மா கெடக்கும். ஒரே ஒரு கல்லுல மட்டும் ஊரும்."

மூன்றாவது அம்பு விழுந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஒருவேளை நானேதான் கனா கண்டேனோ இன்னாவோ" என்று டிவியிடம் சொன்னாள். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் அந்த ஜெயம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு தடவை என்று அவள் மறுபடி ஆடிச் சுவர்வரை வந்து நின்ற நேரம், இப்போது அக்காவோடு இருக்கும் நைனா மதியத் தூக்கம் முடிந்து அறையிலிருந்து வெளியே வந்தார். எண்பது தாண்டிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். டிவியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"லெந்து நாள்ல இன்னாடா இவ்ளோ கலர்?"

சொல்லிக்கொண்டே ரிமோட்டை எடுத்தார். எந்தப் பட்டன் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கலரைக் குறைத்துக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. லெந்து வந்தால் நைனா டிவியை மூடமாட்டார், செய்தி பார்க்கவேண்டும். அதற்குப் பதிலாக டிவிக்குக் கீழே இருந்த கலர் திருகைக் கடைசிவரை திருகி விடுவார். நாற்பது நாளும் வீட்டில் கறுப்பு வெள்ளைதான். அவர் கணக்கில் அது டிவியின் உபவாசம். ஈஸ்டர் காலை ஆராதனை முடிந்து வந்து அவர் திருகைத் திருப்பும்போது நானும் அக்காவும் கைதட்டுவோம். இதை நாங்கள் இருவரும் எப்படியோ மறந்துபோயிருந்தோம். எங்கள் ஞாபகத்தில் அந்தக் கேம் எப்போதும் கலரில்தான் இருந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் வழிந்து கிடந்த சிவப்பெல்லாம் போய்விட்டது. சுவர் சும்மா கிடந்தது. கல் எல்லாம் ஒரே சாம்பல். கீழ் வரிசையில், வலது பக்கம், ஒரே ஒரு கல்லில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லுக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஏதோ நிறம் பூசியிருக்கிறார்கள். கலரோடு பார்த்தால் பந்தத்தின் வெளிச்சம் அதை மூடிவிடும். கலரை எடுத்துவிட்டால் நிறம் போய்விடும், அது கிளப்பிய எறும்பு மட்டும் போகாது. அன்றைக்கு அக்கா எனக்குக் காட்ட முடியாமல் போனது ஈஸ்டர் முடிந்து கலர் திரும்பிய பிறகு என்பதும் அப்போதுதான் உறைத்தது. புள்ளி பார்த்துச் சம்பளம் வாங்குகிற என் கண்ணெதிரே அது ஊர்ந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டினாள். சுவர் திறந்தது. உள்ளே நீளமான மேஜை. அதன் நடுவில் தாடி வைத்த ராஜா உட்கார்ந்திருந்தார். கையில் கோழிக்கால். வாய்க்குக் கொண்டுபோவதும் இறக்குவதுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்காதான் முதலில் பேசினாள்.

"இன்னும் துன்னு முடிக்கலியா இந்த ஆளு?"

நைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ராஜாதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ செவுரு முழுசா பாத்தேன்னு சொன்னியேடா?"

முப்பது வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டேன். அந்த லெந்தில் டிவி கேமை விட்டுவிடப் போவதாக ஞாயிறு பள்ளியில் எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கிப் பாராட்டு வாங்கியவன் நான். அக்கா எதையும் விடவில்லை, நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தாள். நான் விட்டதை அவள் ஆடி, நான் பார்க்காததை அவள் பார்த்துவிட்டாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சுவரைப் பார்த்தேன் என்று சொன்ன நாளில், நான் ஆட்டத்தில் மூன்றாவது கட்டத்தைக்கூடத் தாண்டியதில்லை.

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, "இன்னிக்கி ஜெபத்துல ஒன்பதாவது நீ சொல்லு" என்றாள்.

"ஒரு வாரம்" என்றார் நைனா. பழைய தீர்ப்பு, ஆள் மட்டும் மாற்றம்.

அன்று சாயங்காலம் அங்கேயே சொன்னேன். மற்ற நாட்களில் ஜெப நேரத்துக்கு நான் ஃபேக்டரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருப்பேன். அதனால் போன் போட்டு, அக்கா அதை ஸ்பீக்கரில் வைத்து, நான் பஸ்ஸிலிருந்தே சொல்லவேண்டும். சொன்னேன். சுகர் ரீடிங் கேட்ட பக்கத்து சீட்டுக்காரர் முதல் நாள் திரும்பிப் பார்த்தார், மூன்றாம் நாளிலிருந்து எனக்காக ஜன்னலை மூடிச் சத்தத்தைக் குறைத்தார். சுகர் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஏழாம் நாள் ரேணிகுண்டா அருகில் டிராஃபிக்கில் பஸ் நின்றிருந்தது. கட்டளையைச் சொல்லி முடித்தேன். நைனா ஆமென் என்றார், அக்கா ஆமென் என்றாள். கூடவே இன்னொரு பெண் குரலும் ஆமென் என்றது.

"சம்மந்தியம்மா வந்திருக்காங்க, பத்திரிகை விசயமா" என்றாள் அக்கா, குரலில் ஒன்றுமே காட்டாமல். "எதுக்கு உங்க தம்பி பஸ்ல போய்க்கினே இதச் சொல்றாருன்னு கேக்கறாங்க. நீயே சொல்லு."

சொன்னேன். மூன்றாவது கட்டம்கூடத் தாண்டாததிலிருந்து ஆரம்பித்து, திருகு, எறும்பு, கோழிக்கால் வரை சொன்னேன். இந்தக் கதையை இவ்வளவு மோசமாக நான் சொன்னதே இல்லை, ஒரு இடத்திலும் யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குத் தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"அப்போ ராஜா..." என்று இழுத்தார் சம்மந்தியம்மா.

"ஆமாங்க. துன்னுக்கினுதான் இருந்தாரு. அக்கா சொன்னது நெசம். பொய் சொன்னவன் நான்."

பிறகு அக்காவின் குரல் வந்தது. ஜெயித்தவள் குரல் மாதிரி இல்லை, நடுவில் உடைந்து உடைந்து வந்தது.

"கேட்டுக்கினீங்களா, சம்மந்தி?"